மடிக்கணினியில் ஒற்று மிகுமா?

'மடிக்கணினி' என்ற சொல்லின் நடுவே ஒரு 'க்' உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. கணினியின் மேல் ஒட்டியிருக்கும் ஏழெட்டு ஸ்டிக்கர்களில் ஒன்றுகூட அதைப் பற்றிப் பேசுவதில்லை. புதுக் கேம் ஓட வேண்டும், கையோடு தூக்கிக்கொண்டும் போக வேண்டும் என்று லேப்டாப் தேடுகிறவர்கள் படும் பாடு மொத்தமும் அந்த ஓர் ஒற்றில்தான் இருக்கிறது என்பதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

ஆய்வு தோன்றிய வரலாறு எளியது. ஓசூரில் இருக்கும் என் அக்காவின் மகன் கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்தான். சேர்ந்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"மாமா, படிப்புக்கு ஒரு லேப்டாப் வேணும்."

"என்ன படிப்புக்குடா?"

"கோடிங்தான் மாமா. ஆனா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கணும். ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிட்டு அலையணும், அதனால வெயிட்டும் கம்மியா இருக்கணும்."

அன்றிரவே அக்கா கூப்பிட்டாள். "தொண்ணூறுக்கு மேல போகாதடா" என்றாள், வைத்துவிட்டாள். முனைவர் பட்ட ஆய்வேடுகளில்கூட ஆய்வின் எல்லை இவ்வளவு சுருக்கமாக வரையறுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. மடி என்பது உட்கார்ந்தால் தோன்றி எழுந்தால் மறையும் ஓர் உறுப்பு. 'மடியில் வைக்கும் கணினி' என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வல்லினம் மிகும். ஆகவே மடிக்கணினி. பத்தாம் வகுப்பில் இதோடு மணி அடித்துவிடும். ஆனால் இப்படி விரித்தவர் எவரும் கேம் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தவர் அல்லர் என்பது என் துணிபு.

வைத்துப் பார்த்தவன் ஒருவன் உண்டு. 2010இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். தினமும் சில மணி நேரம், மாதக்கணக்கில், லேப்டாப்பை மடியில் வைத்துக் கேம் ஆடியிருக்கிறான். இடது தொடையில் மட்டும் தோலின் நிறம் கோலம் போட்டதுபோல் மாறிவிட்டது. அடுப்போரம் நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்கு வருவதாக மருத்துவம் முன்பே அறிந்திருந்த நோய்தான் அது. இதில் என்னைக் கவர்ந்தது நோயன்று. இடப்பக்கம் சுடுகிறது என்று பையனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் நகர்த்தவில்லை. ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் இருந்தானோ.

சூடு எங்கிருந்து வருகிறது என்றால், எல்லாம் வாட்கணக்குத்தான். கிராஃபிக்ஸ் சிப்புக்கு 115 வாட், பிராசஸருக்கு ஒரு 45 வாட் என்று வைத்துக்கொண்டால் 160 வாட். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். பழைய அறுபது வாட் குண்டு பல்புகளில் இரண்டரைக்கு மேல். மூன்று பல்பை எரியவிட்டு மடியில் வைத்துக்கொள் என்றால் யாராவது வைத்துக்கொள்வார்களா? பல நிறுவனங்களின் கையேட்டிலேயே 'மடியில் வைத்துப் பயன்படுத்தாதீர்' என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. அட்டையில் லேப்டாப் என்று போட வேண்டியது, உள்ளே மடியில் வைக்காதே என்று போட வேண்டியது!

ஆகவே இலக்கணம் பார்த்தால் அந்த 'க்' நிற்காது. எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மடிகணினி. சுடுசோறு, ஊறுகாய் போல இது வினைத்தொகை. மடித்து வைக்கும் கணினி என்று பொருள் தரும். முக்காலத்துக்கும் பொருந்தும்: மடித்த, மடிக்கின்ற, மடிக்கும் கணினி. சரி, சிக்கல் தீர்ந்தது என்று எழுந்தேன். அப்போதுதான் மடிதல் என்பதற்குச் சாதல் என்றும் பொருள் இருப்பது நினைவுக்கு வந்தது. மடிந்த, மடிகின்ற, மடியும் கணினி. சார்ஜரைப் பிடுங்கினால் இந்தப் பொருள்தான் முந்திக்கொண்டு நிற்கிறது. விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுபோக பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் பெரிய கேமிங் லேப்டாப்புகளின் பேட்டரி 99, 99.9 என்று வரப்பில் கால் வைத்து நிற்கிறது. நூற்றை நூற்றறுபதால் வகுத்துப் பாருங்கள், முக்கால் மணி நேரம்கூட வராது. வராமல் இருக்கக் கூடாதே என்று கணினியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பேட்டரியில் புதுக் கேம் ஆடுவது என்பது ஓடுகிற பஸ்ஸில் தூங்குவது போல. முடியும், ஆனால் அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

மடிக்கு மேலும் பொருள்கள் உண்டு. சோம்பல் என்பது ஒன்று. திருக்குறளில் மடியின்மைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அக்கா இந்தக் கட்சி. ஆசாரம் என்பது இன்னொன்று. வாங்கிய முதல் மாதம் திரையை யாரையும் தொடவிடாமல் மருமகன் காத்த மடியைப் பார்த்திருந்தால் எங்கள் பாட்டி அவனை மெச்சியிருப்பாள். மூன்றாவதாக, பணம் முடிந்துகொள்ளும் இடுப்பு மடி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற பழமொழியில் வருவது இதுதான். முன்னோர் எடையையும் விலையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

எடை என்றதும் களஆய்வு தேவைப்பட்டது. மாடி வீட்டுத் தம்பியின் கேமிங் லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி தராசில் கிடந்த வெங்காயச் சருகை ஊதிவிட்டு வைக்கச் சொன்னார். லேப்டாப் 2 கிலோ 390 கிராம். செங்கல் அளவுக்கு இருந்த அதன் சார்ஜர் 810 கிராம். பை மட்டும் 870. மொத்தம் 4 கிலோ 70.

"நாலு கிலோ பச்சரிசி கணக்கு" என்றார் அண்ணாச்சி. "கையில கொண்டுபோறீங்களா, பையன்கிட்ட வீட்டுக்குக் குடுத்து விடவா?"

கையில் தூக்கத்தக்க கணினி என்ற கருத்தாக்கத்தின் மேல் இதைவிடக் கூர்மையான திறனாய்வை நான் படித்ததில்லை. கம்பெனி சொல்லும் எடையில் சார்ஜர் பெரும்பாலும் சேர்த்தியில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மட்டும் காட்டிவிட்டு மாமியாரைப் பற்றி வாய் திறக்காத தரகர் போல.

இதற்காகக் கம்பெனிக்காரர்களைத் திட்டவும் முடியாது. 'தூக்கிப்போகலாம்' என்ற சொல் தொடக்கத்திலிருந்தே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்ளும் சொல். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் எடுத்துப்போகும் கணினி என்று விற்கப்பட்டது. எடை சுமார் 11 கிலோ, திரை ஐந்து அங்குலம், பேட்டரி கிடையாது. 2017இல் ஏசர் நிறுவனம் பிரிடேட்டர் 21 எக்ஸ் என்று ஒன்றை விற்றது. 21 அங்குல வளைந்த திரை, இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு, ஐந்து விசிறி, எடை எட்டுக் கிலோவுக்கு மேல். சார்ஜரே இரண்டு. அதற்கும் லேப்டாப் என்றுதான் பெயர். யாருடைய மடி என்று சொல்லப்படவில்லை. மெலிந்த குலமும் இல்லாமல் இல்லை. 2020இல் வந்த அசூஸ் செஃபைரஸ் ஜி14 பதினான்கு அங்குலத்தில், 1.6 கிலோவில் கேம் ஓட்டிக் காட்டியது. அந்தக் குலத்தில் பெண் எடுக்க அக்கா சொன்ன தொண்ணூறாயிரம் போதாது.

அடுத்தது, புதுக் கேம் எது என்பது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' என்னும் கேமை அளவுகோலாகக் கொண்டேன். கதை நடப்பது 1937இல், நாயகன் தொல்லியல் பேராசிரியர், தேடுவது பழம்பொருள். ஆனால் கார்டு மட்டும் பழசாக இருக்கக் கூடாது. ஒளிக்கதிர்களைத் தனியே கணக்கிடும் வசதி இல்லாத கார்டுகளை அவர் வாசற்படியே ஏறவிடுவதில்லை; என்விடியாவில் அந்த வசதி 2018இல் ஆர்டிஎக்ஸ் வரிசையோடுதான் வந்தது. குறைந்தபட்சத் தேவையிலேயே 8 ஜிபி வீடியோ மெமரி என்று போட்டிருக்கிறது. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050இல் இருப்பது 6. விலைப் பட்டியலில் அதையும் அதற்குக் கீழே வருவதையும் இந்த ஒரு வரியால் அடித்துவிடலாம். ரேம் 16 ஜிபி, பிற்பாடு கூட்டிக்கொள்ள இடமும் வேண்டும். எஸ்எஸ்டி 512 என்றால் 130 ஜிபி கேட்கும் 'பிளாக் மித்: வூகாங்' போல மூன்றைப் போட்டதும் அலமாரி நிறைந்துவிடும். இவற்றில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டியது பெயர்தான். தமிழில் ஒருசொல் பல்பொருள் என்கிறோமே, அதன் உச்சம் ஆர்டிஎக்ஸ் 4060. என்விடியாவின் குறிப்புப்படியே லேப்டாப் 4060க்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எதையும் கொடுக்கலாம். முப்பத்தைந்தும் 4060, நூற்றுப்பதினைந்தும் 4060. முன்பு மெலிந்த வகைக்கு 'மேக்ஸ்-கியூ' என்று அடைமொழியாவது இருந்தது. 2021இல் 30 வரிசை வந்தபோது பெயரிலிருந்து அந்த அடையும் கழன்றுவிட்டது. பெரிய இடத்திலும் இதே கதைதான்: மேசைக் கணினியின் 4090இல் 24 ஜிபி, லேப்டாப் 4090இல் 16, உள்ளே இருக்கும் சிப்பே வேறு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தான், ஆனால் தாத்தாவின் சொத்தும் இருக்கிறது என்று சொல்லிப் பெண் கேட்பதில்லை. இதை ஒரு நூற்பாவாகவே யாத்து வைத்தேன்: வாட்டில் குறைந்தது ஓட்டத்தில் குறையும்; ஒட்டிய சீட்டு அதைக் காட்டாது மறைக்கும்.

நூற்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை மருமகனோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் கேபிள் சுருள்களுக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். நுழைந்த கடையில் இருபது வயதுத் தம்பி ஒருவர் ஒரு லேப்டாப்பைத் திறந்து காட்டினார். விசைப்பலகை முழுக்க வானவில் ஓடியது.

"4060 சார். எந்த கேம்னாலும் பறக்கும்."

"கார்டு எத்தனை வாட் தம்பி?"

"சார்ஜரா சார்?"

"இல்லப்பா, கார்டு."

என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, "அண்ணே, இவரு வாட் கேக்கறாரு" என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "230 வோல்ட்னு சொல்றா."

மருமகன் எனக்குத் தெரியாத யாரோபோல இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து நானே தேடினேன். அடியில், எறும்பு எழுத்தில், இருந்தது.

அடுத்த கடையில் 50 வரிசைக் கார்டு ஒன்றில் கேம் ஓடியது. திரையின் மூலையில் 200 எஃப்.பி.எஸ், அதாவது நொடிக்கு இருநூறு படம், என்று பச்சையாக மின்னியது. இங்கே பாடபேத ஆராய்ச்சி கைகொடுத்தது. 2025இல் வந்த இந்த வரிசையில், கார்டு உண்மையாக வரையும் ஒரு படத்துக்குப் பின் மூன்று படம் வரை தானே ஊகித்து நுழைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதாவது நான்கில் ஒன்று மூலபாடம், மூன்று இடைச்செருகல். பார்க்க வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தினால் அதற்கு மறுமொழி சொல்வது மூலபாடம் மட்டுமே. இடைச்செருகலுக்கு உங்கள் விரல் தெரியாது. ஏட்டுச்சுவடிக்காரர்கள் நூற்றாண்டுகளாகச் செய்ததை இது நொடிக்கு நூற்றைம்பது முறை செய்கிறது. செருகலை நிறுத்திக் காட்டச் சொன்னேன். ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. ஐம்பதும் நல்ல எண்தான், எனக்குக் குறையில்லை. இருநூறு என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கடைசியில் நாங்கள் எடுத்தது தடித்தது: 8 ஜிபி, 115 வாட், 2.4 கிலோ. மருமகன் முகம் சுருங்கியது. "வெயிட்டு மாமா." அவனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். தீபாவளி, பொங்கல், இரண்டு செமஸ்டர் விடுமுறை. போக நான்கு, வர நான்கு. ஆண்டில் எட்டு நாள்தான் அது பயணம் செய்யப்போகிறது. மீதி 357 நாள் ஹாஸ்டல் மேசையிலோ வீட்டு மேசையிலோ, சுவரில் சொருகியபடி, மூச்சுவாங்கிக்கொண்டு கிடக்கும். எட்டு நாள் தோள்வலிக்கு அஞ்சி 357 நாள் வாட்டைக் குறைத்துக்கொள்வதா? கத்திரி வெயிலில் மெலிந்த கணினி நூறு டிகிரியை எட்டிப்பார்த்துவிட்டுத் தன் வாட்டைத் தானே குறைத்துக்கொள்ளும்போது உன் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸ் சேற்றில் நடப்பதுபோல் நடப்பார் என்றேன். "கிளாஸுக்குக் கொண்டுபோவேனே மாமா" என்றான். முதல் வாரம் கொண்டுபோனதாகக் கேள்வி. அதன் பிறகு அதன் பின்புறத்தில் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்து, காற்றுப் போகும்படி மேசையில் நிறுத்திவிட்டான்.

டிசம்பர் விடுமுறையில் ஓசூர் போயிருந்தேன். மார்கழிக் குளிரில் அங்கே இட்லி மாவு பொங்குவது குதிரைக்கொம்பு. மருமகன் கேம் ஆடும்போது லேப்டாப்பின் பின்னால் வரும் அனல்காற்றின் எதிரே அக்கா மாவுத் தூக்கை வைத்திருந்தாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. 160 வாட்டின் பயன்பாடு குறித்து எந்தக் கம்பெனியும் இதை விளம்பரத்தில் சொல்லாதது வியப்பு.

அன்று சாயங்காலம் அக்கா அதே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விட்டுப்போன சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். சீரியலுக்குப் பெரிய கார்டு விழிப்பதில்லை. விசிறி சுற்றவில்லை, அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. என் முடிபு ஆட்டம் கண்டது. ஒற்று அங்கே மிகுந்துகொண்டுதான் இருந்தது. ஏழாம் வேற்றுமை, உருபும் பயனும், எல்லாம் குறையின்றி. அப்போது மருமகன் பின்னாலிருந்து எட்டி, "அம்மா, ஒரே நிமிஷம், ஒரு அப்டேட் வந்திருக்கா பாக்கறேன்" என்று கேமைத் திறந்தான். விசிறி இரைந்தது. மூன்று நிமிடம் போயிருக்கும்.

"டேய், காலு சுடுதுடா, எடு!" என்றாள் அக்கா.

'க்' கெட்டது.