சிவப்பு மாடு கட்டின வளவு

எங்களுக்கு 1990 எண்டால் இரண்டாம் ஈழப்போர் தொடங்கின வருசம். இப்ப அது இலவச அம்புலன்ஸ் நம்பர். இந்திய உதவியோட 2016இல் தெற்கில் ஓடத் தொடங்கின ‘சுவசெரிய’, 2018இல்தான் வடக்குக்கு வந்தது. அதுவரை எங்கட நெஞ்சுநோ பொறுமையாக நிண்டது.

ஆப்பில் கூப்பிட்டால் இடத்தை அதுவே கண்டுபிடிக்கும். பூநகரி ஆச்சியிட்ட இருக்கிறதோ பட்டன் போன்.

“எந்த இடம் அம்மா?”

“வைரவர் கோயிலடி தம்பி. பனங்கூடல் தாண்டினால் சிவப்பு மாடு கட்டின வளவு.”

மாடு மேயப்போனால் முகவரியும் போச்சு.

ஆச்சியின்ர முழு மருத்துவ வரலாறும் ஒரு கிளினிக் கொப்பியில். சிக்னல், கரண்ட் ஒண்டும் கேளாமல் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்வரும். பாஸ்வேர்ட், சொப்பிங் பையில் போட்ட முடிச்சு.