நுங்கின் கண் திறத்தல்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடலோர நாடுகளில் சிப்பியைத் திறந்து விருந்தினருக்கு வைக்கும் முறை பற்றிப் பெரிய நூல்களே உள்ளன. விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லாமையால், கெட்டியான ஓட்டுக்குள் வழுக்கிக் கிடக்கும் சதையை அதன் நீரோடு உறிஞ்சும் அதே இன்பத்தை இம்மாவட்டத்தார் பனையின் உச்சியில் கண்டடைந்தனர். சித்திரை, வைகாசி மாதங்களில் சாத்தூர், சிவகாசி சாலையோரங்களில் குலைகுலையாக வந்திறங்கும் நுங்கை வீட்டில் வைத்துத் திறப்பதும், உண்ணக் கொடுப்பதும் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. பொருள் வரையறை

நுங்கு என்பது முற்றாத பனங்காயின் விதைக்குள் இருக்கும் உணவுச் சேமிப்பு. அது முதலில் நீராகவும், பின்னர் வழுவழுப்பான சதையாகவும், இறுதியில் பல்லுக்கு அடங்காத கல்லாகவும் மாறும் இயல்புடையது. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள் என்பதும், அவற்றுள் பெண்பனை மட்டுமே காய்க்கும் என்பதும், பாளை விடும் வரை எந்த மரம் எது என்று பார்த்துச் சொல்ல இயலாது என்பதும் தாவரவியலார் ஒப்பிய உண்மைகள். 1978ஆம் ஆண்டு முதல் மாநில மரமாக விளங்கும் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. காயை வெட்டுவதற்கு அத்தகைய அனுமதி தேவையில்லை. எனினும் தகுதி தேவை என்பது பின்னர் நிறுவப்படும்.

2. கண் கணிதம்

காய்க்குள் உள்ள ஒவ்வொரு விதைக் குழியும் ‘கண்’ எனப்படும். ஒரு காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண்கள். சிலவற்றில் இரண்டு, அரிதாக ஒன்று. விற்பவர் காயை எண்ணி விற்க, உண்பவர் கண்ணை எண்ணி உண்பதால், குடும்பங்களில் தீராத கணக்குச் சிக்கல் ஒன்று எழுகிறது. நால்வர் உள்ள வீட்டில் நான்கு காய் வாங்கினால் ஆளுக்கு மூன்று கண் என்று கணக்கு நேராகும். அந்த நான்கில் ஒன்று இரட்டைக் கண்ணாக அமைந்துவிட்டால், குறையும் ஒரு கண் கோட்பாட்டளவில் எவர் பங்கில் வேண்டுமானாலும் குறையலாம் என்ற போதிலும், நடைமுறையில் அது எப்போதும் அம்மாவின் பங்கிலேயே குறைகிறது. இதற்கான காரணத்தைக் கணிதத்துறை இன்னும் விளக்கவில்லை.

3. கருவியும் வெட்டும்

சிவகாசியின் பட்டாசு ஆலைகளுக்குள், தீப்பொறி எழும் என்ற அச்சத்தால், மருந்து புழங்கும் அறைகளில் இரும்புக் கருவிக்கு இடமில்லை. பித்தளையும் மரமுமே அங்கு ஆளுகின்றன. ஆலைக்கு வெளியே, மதிய வெயிலில், வேப்பமர நிழலில், அதே ஊர் தன் முழு நம்பிக்கையையும் ஓர் இரும்பு அரிவாளின் மீது வைத்திருப்பது ஆய்வாளர் கவனிக்கத்தக்கது.

இடக்கையில் காயை ஏந்தி, வலக்கை அரிவாளால் அதன் தலையைச் சீவுகையில், முதற்சீவலில் கருந்தோலும், அடுத்ததில் நாரும் நீங்க, அதற்கடுத்து வெண்மையான வட்டங்கள் மங்கலாகத் தெரியத் தொடங்கும். கலை முழுவதும் கடைசிச் சீவலில்தான் இருக்கிறது: அது கண்ணின் வாயை மட்டும் திறக்க வேண்டும், நீரைச் சிந்தவிடக் கூடாது. தடிமனாகச் சீவினால் நீர் தரைக்குப் போகும்; மெல்லியதாகச் சீவிப் பாதியில் நிறுத்தினால் உண்பவரின் நகம் வருந்தும். “எளசாப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி” என்ற வேண்டுகோள் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமிருந்தும் எழுவதாலும், எந்த அண்ணாச்சியும் இதுவரை “இது முற்றல்” என்று தாமாகக் கூறியதில்லை என்பதாலும், இளமை என்பது வெட்டிய பின்னரே தெரியவரும் மெய்ம்மை எனக் கொள்ளலாம்.

4. பெருவிரலா, கரண்டியா?

உண்ணும் முறையில் இரு கட்சிகள் உள்ளன. பெருவிரற் கட்சியினர் விரலைக் கண்ணுக்குள் செலுத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றிச் சதையைத் தளர்த்தி, முதலில் நீரை உறிஞ்சி, பிறகு சதையை நோண்டி எடுப்பர். நீர் மணிக்கட்டைக் கடந்து முழங்கை வரை வழிவது இம்முறையின் இன்றியமையாத பகுதி. கரண்டிக் கட்சியினர் சுளையாக உரித்ததைக் கிண்ணத்தில் இட்டு, சர்க்கரையோ ரோஸ்மில்கோ சேர்த்துக் குளிரூட்டி உண்பர். சுளை உரிபடும்போதே உள்நீர் எளிதில் ஒழுகிவிடுவதால், இவர்கள் உண்பது நுங்கின் பாதியே. ஓலைப்பட்டையில் ஊற்றிய பதநீருக்குள் நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிப்போர் மூன்றாம் தரப்பினர். பனையைப் பனையாலேயே பனைக்குள் வைத்து உண்ணும் இவர்களது நிலைப்பாட்டை மறுக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

உண்டபின் எஞ்சும் கோந்தை, அதாவது வெற்றுக் கூடு, இரண்டாகச் சேர்ந்து குச்சியில் கோக்கப்பட்டால் நுங்கு வண்டியாகும். கோக்கப்படாதவை ஆட்டின் உடைமை. சிப்பியின் ஓட்டுக்கு இவ்விரு பதவிகளும் இல்லை என்பது ஒப்பாய்வில் பதிவு செய்யத்தக்கது.

5. முடிவும் வரம்பும்

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: நுங்கு பரிமாறத்தக்க பண்டமன்று. விருந்தோம்புவார் கடமை, வாய் திறந்த காயைச் சிந்தாமல் கையில் ஒப்படைப்பதோடு முடிகிறது. அதன்பின் விருந்தினரும் அவரது பெருவிரலுமே பொறுப்பு. பிறர் நோண்டித் தந்த நுங்கு குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டுமே முறையானது.

பனங்காய்ச் சாறு வெள்ளைச் சட்டையில் ஏற்றும் கறையை எவ்வாறு போக்குவது என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்காது. அத்துறை வல்லுநர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளார். கறை கண்ணில் பட்ட நொடியே அவர் தம் கருத்தை உரத்த குரலில் வெளியிட்டுவிடுவார் என்பதாலும், அது அச்சில் ஏற்றத்தக்க நடையில் அமைவதில்லை என்பதாலும், இங்கே தொகுக்கப்படவில்லை.