மழை வந்தது, காருக்குள்ளும் வந்தது

கேள்வி: இரவெல்லாம் மழை. காலையில் கதவைத் திறந்தால் இடப்பக்க முன் சீட்டின் காலடியில் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றித்தான் வைத்திருந்தேன். கூரையில் ஓட்டையா? – வேளச்சேரி வாசகி

கூரை நிரபராதி. முதலில் ஒன்று சொல்லுங்கள்: காரை எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள்?

வைப்பருக்குக் கீழே, பானெட் முடியும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் கிரில் ஒன்று இருக்கும். முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அதன் வழியாக அடியிலுள்ள வாய்க்காலுக்குப் போய், இரு பக்கத் துவாரங்கள் வழியே முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்ட வேண்டும். ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் வாயும் அதே வாய்க்காலில்தான் இருக்கிறது. புங்கை இலையும் வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகளும் விழுந்து மக்கித் துவாரத்தை அடைத்துவிட்டால், தண்ணீர் மட்டம் ஏறி அந்தக் காற்று வாய்க்குள் வழியும். அதற்குக் கீழே இருப்பது புளோயர். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அது இடப்பக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால், இடப்பக்கம் உட்காருகிறவர் கால்தான் நனைகிறது.

பானெட்டைத் திறந்து குப்பையைக் கையால் அள்ளுங்கள். குச்சியால் குத்தாதீர்கள், அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் சளசளவென்று கொட்டினால் உங்கள் வைத்தியம் முடிந்தது.

கார் மழையை முழுதாகத் தடுக்கும் பெட்டி என்று நாம் நினைக்கிறோம். அதைக் கட்டியவர்கள் அப்படி நினைக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அது வெளியே போக வழி வைத்தார்கள். ஆகவே ஒழுகும் காரில் ஓட்டையைத் தேடுவதற்கு முன் அடைப்பைத் தேடுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே இடத்தில் ஈரம். ஆனால் சித்திரை வெயிலில்! – மதுரை வாசகர்

அப்படியானால் மழைமீது பழி போடாதீர்கள், ஏசியைப் பாருங்கள். ஏசியின் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் நீராகத் திரண்டு ஒரு சிறு டியூப் வழியே காருக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய காருக்குக் கீழே அந்தச் சின்னக் குட்டை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கிறது. மெக்கானிக் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.

விரலால் தொட்டும் பாருங்கள். பிசுபிசுப்பும் தித்திப்பான வாடையும் இருந்தால் அது மழையுமல்ல, ஏசி நீருமல்ல, கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரில் கசிவு. அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் சூடேறினால் செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

கேள்வி: மெக்கானிக் வண்டியைப் பார்த்ததும், "நாலு கதவுக்கும் பீடிங் மாத்திடலாம் சார்" என்கிறார். மாற்றலாமா? – திருச்சி வாசகர்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் காட்டிவிட்டால் மாற்றலாம். காட்டாமல் மாற்றினால், புது பீடிங்கோடு ஒழுகும் கார் உங்களுக்குக் கிடைக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடத்தில் பீடிங் நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே சந்தேகம். இப்படிக் கதவைச் சுற்றிலும் பாருங்கள். முகப் பவுடரை பீடிங் மேல் தடவிக் கதவை ஒருமுறை மூடித் திறந்தாலும் போதும்; கதவு விளிம்பில் பவுடர் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் படியவில்லை. பல நேரம் ரப்பரில் குற்றமே இருக்காது. கதவு சற்று இறங்கியிருக்கும், அல்லது கதவு மாட்டும் கொக்கி நகர்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஸ்பானர் போதும்.

கேள்வி: தண்ணீர் வருவது தெரிகிறது, வழி தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? – நாகர்கோவில் வாசகர்

இந்த வேலைக்குப் பொறுமையும் ஓர் உதவியாளும் வேண்டும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கையில் டார்ச்சைக் கொடுத்துக் காருக்குள் உட்காரவையுங்கள். இவ்வளவு ஆர்வமான துப்பறிவாளர் வேறெங்கும் கிடைக்கமாட்டார்.

முதலில் உள்ளே நன்றாகக் காயவையுங்கள். ஈரக் கார்பெட்டில் புது ஈரம் தெரியாது. ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டு, கார்பெட்டை ஓரத்தில் தூக்கி அடியில் செய்தித்தாள் விரியுங்கள். பிறகு ஹோஸ் பைப்பால், வேகமில்லாமல், மழை வழிவதுபோலத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போவதுதான் இதில் முக்கியம். முதலில் கதவின் கீழ்ப்பகுதி, பிறகு கண்ணாடி ஓரம், பிறகு முன்கண்ணாடியின் அடி, அதன் மேல்விளிம்பு, கடைசியில் கூரை. எடுத்ததும் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும்; எது குற்றவாளி என்று சொல்லவே முடியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். உள்ளே இருப்பவர் "வந்துடுச்சு!" என்று கத்தினால், அங்கேயே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரையில் ஏரியல் அடியிலுள்ள வாஷர் வழியாக நுழைந்த சொட்டு, கூரைத் துணிக்கு மேலேயே ஓடி, பின்தூண் வழியே இறங்கி, பின்சீட்டின் காலடியில் தலைகாட்டும். ஆகையால் ஈரத்திலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். மழையின்போது கார் எந்தச் சரிவில் நின்றது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூக்கு பள்ளத்தில் இருந்தால் முன்னேயும், மேட்டில் இருந்தால் பின்னேயும் தண்ணீர் போகும்.

பிரஷர் பம்ப் வேண்டாம். அந்த வேகத்தில் நல்ல பீடிங்கும் தண்ணீரை உள்ளே விடும்.

தண்ணீரே இல்லாமல் தேட ஒரு வழி உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று வரும்படி வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வெளியே பீடிங் ஓரங்களில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி எழும் இடத்தில் காற்று வெளியே வருகிறது. மழை உள்ளே போகவும் அதே வழிதான்.

கேள்வி: கதவில் புது ஸ்பீக்கர் போட்ட பிறகுதான் ஒழுகத் தொடங்கியது. பாட்டுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? – தஞ்சாவூர் வாசகர்

நேரடி சம்பந்தம்! கதவுக் கண்ணாடியை ஒட்டி வழியும் மழை கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள துவாரங்கள் வழியே வெளியேறுகிறது. எல்லாக் கார்களிலும் அப்படித்தான். அந்த நீர் நம் பக்கம் வராமல் காப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டிய ஒரு மெல்லிய ஷீட். ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்திருப்பார், அல்லது உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார். டோர் பேடைக் கழற்றச் சொல்லுங்கள். ஷீட்டைச் சுற்றிலும் பியூட்டைல் டேப்பால் ஒட்டினால் பாட்டும் நிற்காது, மழையும் வராது.

கேள்வி: சன்ரூஃப் உள்ள கார் வாங்கினேன். இப்போது கூரையிலிருந்து சொட்டுகிறது. – கொச்சியில் வசிக்கும் தமிழ் வாசகி

நம் பழைய வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வானம் திறந்திருக்கும், மழை விழும், ஜலதாரை வழியே வெளியே போகும், கூடத்துக்குள் வராது. சன்ரூஃபும் அதே கணக்குதான். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைத் தாண்டி வரும் நீரை ஒரு தொட்டி ஏந்திக்கொள்ளும். பெரும்பாலும் அதன் நான்கு மூலைகளிலும் டியூப்கள் இருக்கும். அவை தூண்களுக்குள்ளே இறங்கி வெளியே கொட்டும்.

கண்ணாடியைத் திறந்து, மூலையில் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். காருக்கு அடியில் வரவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கிறது. மெல்லிய, வளையும் நைலான் நரம்பை மெதுவாக நுழைத்துத் தூசியை எடுக்கலாம். கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடிக்க யாரையும் விடாதீர்கள். டியூப் இணைப்பிலிருந்து கழன்றால் தூணையும் கூரைத் துணியையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறந்தால் குளம். மீன் வளர்க்கலாமா? – கும்பகோணம் வாசகர்

வளர்க்கலாம், துரு முந்திக்கொள்ளும். பின்விளக்கின் கேஸ்கெட், டிக்கி பீடிங், பின்பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கிகள் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். பின்னால் இடிபட்டு டிங்கரிங் செய்த வண்டி என்றால், தகட்டு இணைப்பில் சீலன்ட் விட்டுப்போயிருக்கும். குளத்தின் அடியில் பல கார்களில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? சந்தேகப்படும் இடமெல்லாம் சிலிக்கான் பூசிவிட்டால்? – சேலம் வாசகர்

வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். அது தகட்டில் துருவைக் கிளப்பும். வடிகால் துவாரத்தையும் சேர்த்து மூடிவிட்டால், வெளியே போக வேண்டிய நீரை நீங்களே உள்ளே அனுப்புகிறீர்கள்.

கேள்வி: கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினேன். இப்போது மேல்விளிம்பில் கசிகிறது. – ஓசூர் வாசகர்

அம்பாசிடர் காலத்தில் கண்ணாடியை ரப்பர் சட்டத்தில் செருகினார்கள். இப்போது பாலியூரித்தேன் பசையில் ஒட்டுகிறார்கள். அந்தக் கண்ணாடி காரின் கட்டுமானத்துக்கே வலு சேர்க்கிறது, ஆகவே இது மழைப் பிரச்சினை மட்டுமல்ல. துருவின் மேல் ஒட்டியிருந்தாலோ, பசை காயும் முன் வண்டியை எடுத்திருந்தாலோ கசியும். மாற்றிய இடத்துக்கே போய்ப் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். மேலே பூசிச் சமாளிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கசிவு நின்றுவிட்டது, நாற்றம் நிற்கவில்லை. காபித்தூள், கற்பூரம், எலுமிச்சை எல்லாம் வைத்துவிட்டேன். – புதுச்சேரி வாசகி

பூஜையறைபோல மணத்திருக்கும், பாவம்! கார்பெட்டின் மேல்பகுதி காய்ந்தாலும் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் பல லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் மூடுபனி படர்ந்தால் அது இன்னும் காயவில்லை என்று பொருள். சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி, ஃபேன் வைத்து, கதவுகளைத் திறந்து நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர்கள் இருக்கும், மஞ்சள் நிறக் கனெக்டர்களோடு. அதனால் சீட் கழற்றும் வேலையை விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அந்தக் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப்போகிறேன். ஒழுகும் காரை எப்படி அடையாளம் காண்பது? – ஈரோடு வாசகர்

வெயில் நாளில் போகாதீர்கள், மழை நாளில் போங்கள். ஏறியதும் மூக்கை நம்புங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கச் சொல்லுங்கள். சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது ஒழுகிய கார் அல்ல, மூழ்கிய கார். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்டவை கழுவித் துடைத்து வேறு ஊர்ச் சந்தைக்கு வருவது உண்டு. கறை தெரிந்தால் விலை பேசாதீர்கள். அடுத்த காரைப் பாருங்கள்.