நடுவில் நிற்பவர்

எந்த நாளிதழையும் எடுத்து மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஒரு மூலையில் பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கியவர் கைது, இன்னொரு மூலையில் கும்பாபிஷேகம். இரண்டுக்கும் நடுவே ஒரு படம் இருக்கும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் கோப்பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். மறு காதை ஒரு மாணவி பிடித்திருப்பாள். கோப்பை கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில் அவள் கண் கோப்பை மேலேயே இருக்கும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள். கீழே இப்படிப் போட்டிருக்கும்: 'மாநில அளவிலான குண்டு எறிதல் போட்டியில் முதலிடம் பெற்ற மாணவியைப் பள்ளி வளர்ச்சிக் குழுத் தலைவர் பாராட்டினார். உடன் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொருளாளர், முன்னாள் கவுன்சிலர் மற்றும் பலர்.'

குண்டு எத்தனை மீட்டர் போனது என்று செய்தியில் தேடினாலும் கிடைக்காது. அவளுக்கு எறியச் சொல்லிக்கொடுத்த பி.டி. சார் அந்த 'மற்றும் பலரில்' ஒருவர்.

கோப்பையின் காதைப் பிடித்திருக்கிறாரே, அவர்தான் நம்மவர். எங்கள் ஊரில் அவருக்கு அரிசி ஆலை. உங்கள் ஊரில் ஜவுளிக்கடையோ நகைக்கடையோ வைத்திருக்கலாம். பதவியின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கொடையாளர், புரவலர், முன்னாள் மாணவர் சங்கக் கௌரவத் தலைவர் என்று எதுவாகவும் இருப்பார். நிற்கும் இடம் மட்டும் மாறாது. வாழ்க்கையில் அவர் கலந்துகொண்ட ஒரே போட்டி கூட்டுறவுச் சங்கத் தேர்தல். அதிலும் போட்டியின்றித்தான் தேர்வானார்.

ஆனால் நடுவுக்கு வருவதில் அவருக்கு இருக்கும் தேர்ச்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முண்டியடித்து வருபவர் அல்ல அவர். படம் எடுக்கப் போகிறார்கள் என்றதும் தள்ளிப்போய்க் கடைசியில் நிற்பார். "ஐயா, நீங்க நடுவுல வாங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். "பரவால்லப்பா, பிள்ளைங்க நிக்கட்டும்" என்பார். மறுபடி கூப்பிட வேண்டும். யாரும் கூப்பிடாவிட்டால் லேசாகச் செருமுவார். மூன்றாவது கிளிக்கில் பார்த்தால் கோப்பை அவர் கையில் இருக்கும், தலைமையாசிரியர் ஓரத்துக்குப் போயிருப்பார், மாணவிக்கு ஒரு தோள்தான் மிஞ்சியிருக்கும்.

விளையாட்டு விழாவுக்கு நம்மவர்தான் நிரந்தரச் சிறப்பு விருந்தினர். ஒன்பது மணி விழாவுக்குப் பதினொன்றே காலுக்கு வருவார். அதுவரை அணிவகுப்புக்கு நின்ற பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, திரும்பவும் வந்து நின்றிருப்பார்கள். கொடியேற்றுவார், புறா பறக்கவிடுவார், பிறகு பேசுவார். 'ஓடி விளையாடு பாப்பா' என்று பாரதியார் சொன்னதை நினைவுபடுத்திவிட்டு, பிள்ளைகளை ஓடவும் விடாமல் விளையாடவும் விடாமல் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்க வைப்பார்.

அடுத்து, நூறு மீட்டர் ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். இந்த ஓட்டம் எங்கள் பள்ளியில் எப்போதும் இரண்டு தடவை நடக்கும். முதல் தடவை நம்மவர் கொடியசைக்கும்போது நிருபர் ஓடுபாதையின் நடுவில் நிற்பார், அதனால் பையன்கள் அவர்மேல் மோதாமல் பத்தடி ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும். கொடி முகத்தை மறைத்துவிட்டால் இன்னொரு பத்தடி. அதன் பிறகுதான் பி.டி. சார் விசிலோடு வந்து உண்மையான ஓட்டத்தை நடத்துவார். பலரும் முதல் தடவையிலேயே உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, இரண்டாவதில் இரைப்போடு நிற்பார்கள். அனுபவசாலிகள் முதல் ஓட்டத்தில் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். எங்கள் ஊர் ஓட்டக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் நுணுக்கம் அதுதான்.

ஒரு முறை நானூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பையன்கள் நின்ற விதத்தைப் பார்த்து நம்மவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன மாஸ்டர் இது? எல்லாரும் ஒரே கோட்டுல நிக்க வேண்டாமா? அந்தப் பையன் மட்டும் அவ்வளவு முன்னாடி நிக்கிறானே, அவன் யாரு, ஹெச்.எம். சொந்தக்காரனா?"

"இல்லீங்கய்யா. வளைவுல வெளி லேன்ல ஓடுறவனுக்குத் தூரம் அதிகம். அதைச் சரிக்கட்டத்தான் முன்னாடி நிறுத்துறோம். ரெண்டாவது லேன்காரனுக்கே 7.04 மீட்டர் விடணும். வெளிய போகப் போகக் கூடிக்கிட்டே போகும்."

நம்மவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம தங்கச்சி மகனை அந்தக் கடைசி லேன்ல நிறுத்திடுங்க" என்றார்.

தங்கச்சி மகன் கடைசி லேனில் எல்லோருக்கும் முன்னால் நின்றான். முடியும்போது எல்லோருக்கும் பின்னால் வந்தான். அந்த 7.04 மீட்டர் கணக்கிலேயே ஏதோ சூது இருக்கிறது என்பது நம்மவரின் இன்றைய கருத்து.

பரிசளிப்பும் சுலபமானதல்ல. வெற்றி மேடையில் 1, 2, 3 என்று எழுதிய மூன்று படிகள் இருக்குமல்லவா? ஒரு விழாவில் பெயரை அழைத்ததும் நம்மவர் நேராக நடந்து ஒன்றாம் எண் மேல் ஏறி நின்றுவிட்டார். நடுவில் இருக்கிறது, உயரமாகவும் இருக்கிறது. அவர் என்ன செய்வார்? இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முதலாவதாக வந்த பையன் தரையில் நின்று, அண்ணாந்து, கழுத்தை நீட்டிப் பதக்கம் வாங்கினான்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அவரைக் கேலி செய்து முடித்துவிடலாம். ஆனால் எங்கள் பி.டி. சாரிடம் நம்மவரைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்.

காரணம் இருக்கிறது. பள்ளி விளையாட்டு என்பது படிப்படியாக ஏறும் சமாச்சாரம். முதலில் குறுவட்டம், அதில் ஜெயித்தால் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். தடகளமும் கபடியும் வாலிபாலும் குடியரசு தினப் போட்டிகளில் வரும். புதிதாகச் சேர்த்த விளையாட்டுகளுக்குப் பாரதியார் தினப் போட்டிகள். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. தடகளத்தில் முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. மூன்று போட்டியில் முதலாவதாக வந்து 15 புள்ளி எடுத்தால் தனிநபர் சாம்பியன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் பஸ் கட்டணம் வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், மாநிலப் போட்டியென்றால் தங்க இடமும் வேண்டும். வெறுங்காலில் ஓடி மாவட்டம் வரை வந்துவிடலாம். அதற்கு மேல் வருகிறவர்கள் ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள்.

பள்ளியில் இருக்கும் பணத்துக்கு வாலிபாலுக்குக் காற்றடிக்கலாம். ஆகவே பி.டி. சார் ஒரு கட்டண முறை வைத்திருக்கிறார். எங்கேயும் எழுதிவைக்கவில்லை, எல்லாம் மனக்கணக்கு. படத்தில் நடுவில் நிற்பதற்கு மாவட்டப் போட்டிக்குப் போகவர வேன் வாடகை. கோப்பையைத் தொடுவதற்கு இரண்டு ஜோடி ஸ்பைக்ஸ். மைக் பிடித்துப் பேசினால் மொத்த அணிக்கும் மதியச் சாப்பாடு, அரை மணிக்கு மேல் போனால் முட்டையோடு. நம்மவர் பேச்சை இழுக்க இழுக்க பி.டி. சார் முகம் மலர்வதன் ரகசியம் இதுதான். விருந்தினர் பேச்சை முடிக்கும் நேரத்தில், "ஐயா, மாணவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை" என்று துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பும் ஒரே உடற்கல்வி ஆசிரியர் தமிழ்நாட்டில் இவராகத்தான் இருப்பார்.

கபடி அணிக்குச் சட்டை வந்ததும் இந்தக் கணக்கில்தான். ஒரு நிபந்தனை: சட்டை முதுகில் அரிசி ஆலையின் பெயரும் நம்மவரின் படமும் இருக்க வேண்டும். இருந்தன, கைகூப்பிய நிலையில். முதல் ஆட்டத்திலேயே எங்கள் பையன் பாடிப்போனான். எதிரணி ஐந்து பேர் மடக்கி மல்லாத்திவிட்டார்கள். பையனின் முகம் வானத்தைப் பார்க்க, நம்மவரின் முகம் மண்ணைக் கவ்வியது. ஆட்டம் முடிவதற்குள் ஏழு சட்டையிலும் அவர் பல தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். அடுத்த ஆண்டு படத்தை மார்புப் பக்கம் மாற்றச் சொன்னார். அதற்கும் பி.டி. சார் தனிக் கட்டணம் வாங்கினார்.

விளையாடினால் படிப்பு கெடும் என்பது நம்மவரின் நீண்டநாள் கொள்கை. மேடையில் விளையாட்டை வாழ்த்துவார், வீட்டில் மகளைப் பந்தைத் தொடவிட மாட்டார். கணக்கு வாத்தியாருக்கும் அதே கொள்கைதான். விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததில்லை. அவரும் அந்தப் படத்தில் 'உடன்' நிற்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு, அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு என்று யாரோ சொன்ன நாளில்தான் நம்மவரின் கொள்கை ஆட்டம் கண்டது.

"குண்டு போட்டா இன்ஜினியரிங் சீட்டா? சொல்லவே இல்லையே மாஸ்டர். தங்கச்சி மகனுக்கு ஒரு சர்டிபிகேட் போட்டுடுங்களேன்."

"அதுக்கு அவன் ஜெயிக்கணுமே ஐயா."

"ஜெயிச்சவன் பக்கத்துல நான் நின்ன போட்டோ எத்தனை இருக்கு! அதெல்லாம் கணக்குல வராதா?"

2016 செப்டம்பரில் நம்மவர் பட்ட வேதனை தனி. ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய செய்தி வந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி அரசுப் பள்ளியில் படித்த பையன். 'நம்ம மாவட்டமா இருந்திருக்கக் கூடாதா' என்று நம்மவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தில் ஒரு பிளெக்ஸ் எழுந்தது. மேலே வலது ஓரத்தில் தபால்தலை அளவில் மாரியப்பன் தாண்டிக்கொண்டிருந்தார். மீதி பதினைந்தடியில் நம்மவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். பரிசுத் தொகையிலிருந்து 30 லட்ச ரூபாயைத் தான் படித்த பள்ளிக்குத் தருவதாக மாரியப்பன் அறிவித்ததும் பத்திரிகையில் வந்தது. நம்மவர் அதைப் படித்தார். படித்துவிட்டுப் பேப்பரை மடித்து, அதன் மேல் காபி டம்ளரை வைத்தார்.

இந்த ஆண்டு குண்டு எறிந்த அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் எறிவது மூன்று கிலோ குண்டு. பள்ளியில் இருந்த ஒரே மூன்று கிலோ குண்டும் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டதால், மாவட்டப் போட்டி வரை பையன்களின் ஐந்து கிலோ குண்டிலேயே பழகினாள். போட்டியில் மூன்று கிலோவைக் கையில் வாங்கியதும், "சார், இது எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு" என்றாளாம். எறிந்தாள். அளக்க நின்றவர்கள் இரண்டடி பின்னால் ஓடினார்கள். மாநிலப் போட்டியிலும் தங்கம்.

ஊர் திரும்பியதும் படம். நம்மவர் இந்த முறை புதுமை விரும்பினார். "எல்லாரும் கோப்பையைத்தான் புடிக்கிறாங்க. நான் குண்டைப் புடிக்கிறேன். நல்லா பெருசா ஒண்ணு குடுங்க மாஸ்டர்." பி.டி. சார் அந்த ஐந்து கிலோவைக் கொடுத்தார். ஒற்றைக் கையில் தோளுக்கு மேல் தூக்கி, சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். கேமராக்காரர் வெளிச்சம் பார்த்தார், கோணம் பார்த்தார். சிரிப்பு முதலில் நடுங்கியது, பிறகு கை நடுங்கியது. கூட்டம் மெல்ல இரண்டு பக்கமும் விலகியது. முன்னாள் கவுன்சிலர் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். குண்டு நழுவிய அந்த நொடியில் அந்தப் பெண் ஒரு கையை நீட்டி அதைத் தாங்கிக்கொண்டாள். "பார்த்து ஐயா, கால்ல விழும்" என்றாள். அவள் மூச்சுகூட ஏறவில்லை.

கிளிக் விழுந்தது அப்போதுதான். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் எங்கள் பள்ளி வரலாற்றிலேயே முதல் தடவையாக வெற்றி பெற்றவர் நடுவில் இருந்தார், குண்டோடு. நம்மவர் பாதி குனிந்த நிலையில் ஓரத்தில் இருந்தார். குண்டு எவ்வளவு தூரம் போனது என்பது அப்போதும் வரவில்லை.

நம்மவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் பயந்தார்கள். பி.டி. சார் மட்டும் பயப்படவில்லை. அன்று மாலையே அரிசி ஆலைக்குப் போனார். படத்தில் ஐயா சரியாக விழாதது பள்ளிக்கே அவமானம் என்றார். அடுத்த முறை ஐயாவின் உயரத்துக்கு ஏற்ற ஒரு விளையாட்டை எடுக்க வேண்டும், கனமான சாமான் எதையும் தூக்க வேண்டியிருக்கக் கூடாது என்றார். கோலூன்றித் தாண்டுதல்! பஞ்சு மெத்தை பெரிதாக, அழகாக இருக்கும், அதன் முன்னால் ஐயா நாற்காலி போட்டே உட்காரலாம் என்றார்.

"மெத்தை என்ன விலை மாஸ்டர்?"

பி.டி. சார் சொன்னார். சில லட்சங்கள். ஆலையில் அரவை நின்றுவிட்டது போல ஓர் அமைதி.

"அதுக்கு ஒரு போட்டோ பத்தாதே" என்றார் நம்மவர்.

"பத்தாதுங்க ஐயா. அதனால எம்.எல்.ஏ.வையும் கூப்பிடலாம்னு இருக்கோம். பாதி அவர் கணக்கு."

"அவர் வந்தா எங்கே நிப்பாரு?"

பி.டி. சார் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மெத்தை, கம்பம், இரண்டு நாற்காலி எல்லாம் அளவோடு வரைந்திருந்தது. நடுப்புள்ளியிலிருந்து இரண்டு நாற்காலிக்கும் சரியாக ஒரே தூரம். நம்மவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து, அதை அளக்க ஆரம்பித்தார்.