வடகடல் எண்ணெய்ப் பணம் எங்கே போனது?

கேள்வி: நார்வேயும் பிரிட்டனும் ஒரே வடகடலில்தானே எண்ணெய் எடுத்தன? நார்வே மட்டும் எப்படிப் பணக்கார நாடானது?
- வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: கடல் ஒன்றுதான், கல்லாப்பெட்டி வேறு. நார்வே 1990இல் சட்டம் இயற்றி எண்ணெய் வருவாய்க்கென்று தனி நிதியம் அமைத்தது. 2017இல் அது ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. லண்டனோ, 1975இல் ஃபோர்ட்டீஸ் வயலின் எண்ணெய் குழாய் வழியே கரைக்கு வந்த காலந்தொட்டு, வரவை வந்த சூட்டோடு பொதுக் கணக்கில் சேர்த்துச் செலவழித்தது. 1979இல் 83 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி 1988இல் 40 ஆனது. இடையே வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். வரிக்குறைப்பு, உதவித்தொகை இரண்டுக்கும் எண்ணெய்தான் தோள் கொடுத்தது. பவுண்டின் மதிப்பு ஏறவும் அதுவே ஒரு காரணம்; ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு விழுந்த அடி அது.

"அங்கே 55 லட்சம் பேர், இங்கே ஆறு கோடிக்கு மேல், பங்கு போட்டால் என்ன மிஞ்சும்?" என்பார்கள். தலைக்குக் கிடைப்பது குறையும், உண்மைதான். அதற்காக ஒன்றுமே சேர்க்காமல் விடலாமா? இதே பிரிட்டனில் ஷெட்லாந்து தீவுகளின் உள்ளூராட்சி, சல்லம் வோ எண்ணெய் முனையத்தால் வரும் தொல்லைக்கு ஈடாக நிறுவனங்களிடம் பணம் வாங்கி, 1976இல் அறக்கட்டளை நிறுவியது. முதியோர் இல்லங்களும் விளையாட்டு மையங்களும் அந்தப் பணத்தில் எழுந்தன. இருபதாயிரம் பேர் வாழும் தீவுக்கு இருந்த முன்யோசனை வெஸ்ட்மின்ஸ்டருக்கு இல்லை. 1999இல் உச்சம் தொட்ட உற்பத்தி சரிந்தது. 2004 முதல் பிரிட்டன் விற்பதைவிட அதிகமாக எரிசக்தியை வாங்குகிறது.