கோணலுக்கு விலை அதிகம்

சிங்கப்பூரில் எதையும் கோணலாகச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, ஏப்ரன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த களிமண் பயிலரங்குக்குத் தலைப்பே ‘குறும்புக் கோப்பைகள்’.

சக்கரம் கிடையாது, எல்லாம் கைதான். மண் உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துச் சுவரைக் கிள்ளிக் கிள்ளி உயர்த்தலாம். திரி திரியாக உருட்டி வளையமாக அடுக்கலாம். பூரிக்கட்டையால் தகடாகத் தேய்த்துச் சுருட்டி ஒட்டலாம். பக்கத்து நாற்காலி அக்கா தகட்டைத் தேர்ந்தெடுத்தார். காலமெல்லாம் சப்பாத்தி இட்ட கை. தேய்க்கத் தேய்க்க வட்டமாகவே வந்தது.

“செவ்வகமாக வேண்டும், ஆன்ட்டி” என்றார் சீன ஆசிரியை.

“வட்டந்தாம்மா வரும். மாவுக்கே சதுரம் காட்டினதில்லை, மண்ணுக்கா காட்டப்போறேன்?” என்றார் அக்கா தமிழில். ஆசிரியை புரிந்ததுபோல் தலையாட்டினார்.

சூட்சுமம் கைப்பிடியில் இருக்கிறது. ஒட்டும் இடங்களை ஊசியால் கீறி, மண்கூழ் தடவி அழுத்த வேண்டும். கைப்பிடியிலும் கோப்பையிலும் ஈரம் ஒரே அளவு இருக்க வேண்டும்; இல்லையென்றால் காயும்போது ஒன்று கூடுதலாகச் சுருங்கிப் பிளந்துகொள்ளும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று மாமியார் மருமகள் விவகாரத்தில் சொல்வோமே, இங்கே அரைகுறையாய்க் காய்ந்த மண்ணே முறைத்துக்கொள்கிறது.

நான் யானை செய்தேன், தும்பிக்கைதான் கைப்பிடி. அது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. “நல்ல ஆளுமை!” என்று ஆசிரியை பாராட்டினார். எதிர்மேசைத் தம்பி கட்டுமானப் பொறியாளராம். அவருடைய கோப்பை செங்குத்தாக நின்றது. அவரிடம் மட்டும் ஆசிரியை, “கொஞ்சம் மனசைத் தளர்த்துங்கள்” என்றார்.

இந்த ஊர் மண்ணுக்கு முன்பெல்லாம் குறும்புக்கு நேரமிருந்ததில்லை. 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே முதல் செங்கல் சூளையைப் போட்டார். பிறகு சிராங்கூன் சாலைப் பக்கமும் சூளைகள் புகைந்தன. ஜாலான் பஹார் வட்டாரத்தில் 1940இல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளை இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சூளைகள் ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைகளைச் சுட்டுக் குவித்தன. மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் மரம் மரமாகப் பால் இறக்கியது அந்த மாதிரிக் கோப்பைகளில்தான். அவற்றிடம் எந்தக் கங்காணியும் ஆளுமை கேட்கவில்லை.

கோணலிலும் தரம் உண்டு. 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்ற மண்பாண்டக் கலைஞர் இஸ்கந்தர் ஜலீல் மரச்சுள்ளியையே தேநீர்க் கெண்டிக்குக் கைப்பிடியாக்கியவர். அது நேராகச் செய்யத் தெரிந்தவர் விரும்பி வைத்த கோணல். எங்களுடையது தானாக வந்து உட்கார்ந்தது.

மண் காய்ந்தும் வெந்தும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சூளையிலிருந்து திரும்பிய என் யானை, ஒரு முழு தே தாரிக்கைத் தாங்காத குட்டியாகியிருந்தது. “பல்குத்தும் குச்சி போட்டு வைக்கலாம்” என்று வீட்டில் தீர்ப்பானது.

பொங்கல் நெருங்கினால் இதே நாங்கள் கேம்பல் லேன் பானைக் கடைகளில் நிற்போம். நூல் பிடித்ததுபோல் வட்டமான பானையை எடுத்து, விரலால் சுண்டி ஓசை கேட்டு, கவிழ்த்து அடியைத் தடவி, “ரெண்டு வெள்ளி குறைங்க” என்போம். தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைக்குத்தான் இந்தப் பேரமெல்லாம்.

கடைக்காரர்களுக்கு என் யோசனை இதுதான்: அடுத்த தைக்கு வரும் பானைகளை, சுடுவதற்கு முன்பே ஒரு பக்கம் லேசாக நசுக்கி அனுப்பச் சொல்லுங்கள். விலையை மும்மடங்காக்கி, ‘ஆளுமையுள்ள பானை’ என்று அட்டை மாட்டுங்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.