யாருமில்லை என்றொருவர்

கே: 'யாருமில்லை' என்று ஒருவன் பெயர் வைத்துக்கொண்டால் என்ன லாபம்?

ப: உயிர் மிஞ்சும். ஹோமரின் 'ஒடிசி'யில் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகையில் மாட்டிக்கொண்ட ஒடிசியஸ், தன் பெயர் 'ஊட்டிஸ்' என்கிறான். கிரேக்கத்தில் 'யாருமில்லை'. கண்ணைக் குத்தியதும் அரக்கன் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து அரக்கர்கள் ஓடிவந்து, யார் வேலை என்று கேட்கிறார்கள். 'யாருமில்லை' என்று பதில் வந்ததும், அப்படியானால் இது தெய்வம் கொடுத்த நோய், உன் அப்பன் பொசைடனை வேண்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கப்பல் நகர்ந்ததும் ஒடிசியஸ் தன் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறான். சாபம் கொடுக்கச் சரியான விலாசம் கிடைத்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது கூட வந்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.

கே: கேப்டன் நெமோ இந்தியராமே?

ப: ஆமாம். ஆனால் 1870-இல் ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கதை முழு நூலாக வந்து முடிந்தபோது, அதன் நாயகரான நெமோவின் ஊரும் பேரும் யாருக்கும் தெரியாது. 'நெமோ' என்றாலே லத்தீனில் 'எவருமில்லை'தான். வெர்ன் முதலில் அவரைப் போலந்துக்காரராகத்தான் நினைத்திருந்தார். ரஷ்யாவில் விற்பனை படுத்துவிடுமே என்று பதிப்பாளர் எட்ஸெல் தடுத்துவிட்டார். பிறகு 'மர்மத் தீவு' (1875) நாவலில் உண்மை வெளியானது: புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், 1857 கிளர்ச்சியில் எல்லாம் இழந்தவர், திப்பு சுல்தானின் உடன்பிறந்தார் மகன். திப்பு இறந்ததோ 1799-இல். கதைக் கணக்குப்படி டக்கார் பிறந்தது அதற்குச் சுமார் இருபது வருடம் கழித்து! கடல் கணக்கில் புலியான வெர்னுக்கு உறவுக் கணக்கு கொஞ்சம் தகராறு.

கே: நெமோ இப்போது எங்கே?

ப: தென் பசிபிக்கில். எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான கடற்புள்ளிக்கு 'பாயின்ட் நெமோ' என்றே பெயர். மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,700 கி.மீ. தள்ளி. ஆயுள் முடிந்த விண்கலங்கள் பலவற்றை அந்த வட்டாரத்தில்தான் விழவைக்கிறார்கள். தலையில் விழுந்தது என்று புகார் கொடுக்க எவருமில்லை.

கே: தமிழில் இப்படிப் பெயர் தெரியாத ஆளைத் தலைப்பாக்கிய படம் உண்டா?

ப: மாதவன் நடித்த 'எவனோ ஒருவன்' (2007). அதன் மராத்தி மூலத்துக்கு ஒரு மின்ரயிலின் பெயர்: 'டோம்பிவ்லி ஃபாஸ்ட்'. என் ஓட்டு தமிழ்த் தலைப்புக்கே. ரயிலுக்கு நேரம் பார்த்தால் போதும், 'எவனோ ஒருவன்' என்றால் பக்கத்து சீட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கே: தேர்தலில் 'வேறு யாராவது' என்ற பெயரில் ஒருவர் நின்றால்?

ப: டெக்சாஸில் ஒருவர் முயன்று பார்த்தார். 2024 அதிபர் தேர்தலுக்காக, 'சத்தியமாக வேறு யாராவது' என்று பொருள்படும்படி சட்டப்படியே பெயரை மாற்றிக்கொண்டார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை, 2013 முதல் நோட்டா பொத்தான் இருக்கிறது. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர்.